ஆஸ்பத்திரிக்கு வராந்தா எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவைக் கல்லூரிகளின் பழைய கட்டடங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1909-இல் திறக்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரிச் செங்கல் கட்டடத்துக்கு ஒரு பக்கம் முழுக்கப் படம். வளாகத்து ஆஸ்பத்திரிகளுக்கு இரண்டே வரி. அதிலும் அந்த வராந்தாக்கள் வெள்ளைக்காரர்களின் ஆடம்பரம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். அதைத்தான் ஏற்க முடியவில்லை.

கோவைப் பக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகத்து ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சின்ன ஓட்டுக் கட்டடம். மூன்று பக்கமும் எட்டடி வராந்தா. கனமான சுண்ணாம்புக் காரைச் சுவர். கூரையை ஒட்டி, கயிற்றை இழுத்துத் திறக்கிற வெண்டிலேட்டர்கள். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கு வாசலில் நுழைந்தால் என் மேஜை மேலிருக்கும் மருந்துச் சீட்டெல்லாம் கிழக்கு வாசலில் கிடக்கும். மாத்திரை எண்ணுகிற தட்டைத்தான் பாரமாக வைப்பேன். சித்திரை வெயிலில் கரண்ட் போனாலும் காய்ச்சலில் படுத்திருக்கிற ஹாஸ்டல் பையன்களுக்கு வியர்க்காது.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். கட்டிலை வராந்தாவுக்கு இழுத்துப் போடுவார்கள். பெருந்துறையில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிற இடம் முன்பு அப்படிப்பட்ட காசநோய் சானடோரியம்தான். ஊர்க்காரர்கள் வாயில் இன்னமும் அதே பேர். காசநோயைக் குணமாக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று மூன்றே வருடத்தில் உலகத்துக்குக் காட்டியது. அப்புறம் கட்டிலை வெளியே போட வேண்டிய வேலை இல்லை, சரி. இருமல் நின்றுவிடவில்லையே! 2020-இல் கொரோனா வந்தபோது ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்?

நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வராந்தாவை அலுமினியமும் கண்ணாடியும் வைத்து அடைத்து ரெக்கார்டு ரூம் ஆக்கிவிட்டார்கள். ஓட்டுக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டதில் வெண்டிலேட்டரெல்லாம் மேலே மறைந்துவிட்டது. காரைச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் எங்கே போகும்? அடிச்சுவர் முழுக்க உப்புப் பூத்து உதிர்கிறது. முன்பு வராந்தா பெஞ்சில் காத்திருந்த பிள்ளைகள் இப்போது ஏசி அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒருவர் முகத்தில் ஒருவர் இருமுகிறார்கள்.

வராந்தாவை மறுபடி திறந்துவிட இடிக்கிற வேலை எதுவும் இல்லை. அந்த அலுமினியச் சட்டமெல்லாம் ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
சூலூர்