குளத்தை மூடினால் மழைத்தண்ணீர் எங்கே போய் நிற்கும்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊரில் சில வாரங்களாக ஒரே பேச்சு. உள்ளூர் மன்றத்தார் பெரிய கால்வாயை இன்னும் ஆழமாகத் தோண்டி சிமெண்டு போடப் போகிறார்களாம், எங்கள் குடியிருப்பான தாமானுக்குப் பின்னால் வேலி போட்டுக் கிடக்கும் நீர்த்தேக்கக் குளத்தை மூடிவிட்டு கார் நிறுத்த இடமும் நாலைந்து ஒட்டுக்கடையும் கட்டித் தரப் போகிறார்களாம். வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கைதட்டுகிறார்கள். வெள்ளம் வராது, கொசுவும் ஒழியும், நம் பிள்ளைகளுக்குக் கடையும் கிடைக்கும் என்கிறார்கள். கடை கிடைப்பது நல்ல விஷயம்தான், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் அதற்கு அந்த இடம்தானா கிடைத்தது?

அது அல்லிப்பூ மிதக்கிற குளம் இல்லை. மழை இல்லாத நாளில் காய்ந்து புல்தரையாகக் கிடக்க வேண்டிய பள்ளம். கூரை, தார்ரோடு, சிமெண்டு முற்றம் என்று தாமான் முழுக்க விழுகிற மழை முதலில் அங்கே வந்து நிற்க வேண்டும், அடியில் இருக்கும் சின்னத் துவாரம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. வீடமைப்பு நிறுவனம் ஆசைப்பட்டு வெட்டிக்கொடுத்ததும் இல்லை. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் மஸ்மா (நகர்ப்புற மழைநீர் மேலாண்மை) கையேடு 2001-இல் நடைமுறைக்கு வந்தது, 2012-இல் இரண்டாம் பதிப்பும் வந்தது. அது சொல்வது இதுதான்: ஒரு நிலத்தில் வீடு கட்டிய பிறகு அங்கிருந்து பாய்கிற மழைநீரின் உச்ச அளவு, கட்டுவதற்கு முன் இருந்ததைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்பு இருந்த 1975-ஆம் ஆண்டு வழிமுறையின் எண்ணம் வேறு. தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வெளியே தள்ளு, கால்வாயை நேராக்கு, சிமெண்டு பூசு, ஆற்றில் விடு. அதனால் நடந்தது என்னவென்றால் மேட்டில் இருப்பவன் தப்பித்தான், பள்ளத்தில் இருப்பவன் மூழ்கினான். அந்த எண்ணத்தை மாற்றத்தானே புதுக் கையேடு? இப்போது குளத்தை மூடி கால்வாயை ஆழப்படுத்தினால் நாம் பழையபடி 1975-க்கே போகிறோம், அதுவும் மக்கள் பணத்தைச் செலவழித்து.

கொசு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் குளத்தை மூடச் சொல்பவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். நான் வேலியோரமாகப் போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் வெளியேறும் துவாரத்தின் முகப்பில் ஒரு கம்பி வலை இருக்கிறது. அதில் பாலிஸ்டிரின் சாப்பாட்டுப் பெட்டிகள், இளநீர் மட்டை, யாரோ விட்டெறிந்த ஒற்றைச் சிலிப்பர், எல்லாம் சேறோடு சேர்ந்து அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒரே நாளில் வடிய வேண்டிய தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கிறது. கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஒரு வாரமாவது ஆகும் என்பதால், ஒழுங்காக வடிகிற குளத்தில் அது பிழைக்கவே முடியாது. இன்னொன்று, குளம் ஏற்கெனவே நிறைந்து கிடக்கும்போது அடுத்த மழை வந்தால் அதற்கு இடம் ஏது? அப்போது குளம் இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். அப்புறம் 'பார்த்தீர்களா, குளத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை' என்று சொல்லி மூடுவது சுலபம். ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் லாரி லாரியாக மண் கொட்டப் போகிறார்கள்.

இந்த தாமான் இருக்கும் இடம் ஒரு காலத்தில் பால்மரக் காடு, அதாவது ரப்பர்த் தோட்டம். அப்போது மேட்டுச் சரிவில் மரங்களின் வரிசைக்கு நடுவே குழி வெட்டுவது வெளிக்காட்டு வேலையில் ஒன்றாகவே இருந்தது. மழையில் அடித்து வரும் மண் அந்தக் குழியில் தங்கும், தண்ணீர் அங்கேயே இறங்கிவிடும். மரத்தடியில் கொடி படர விட்டதும் அதற்காகத்தான். தோட்டத்தை நடத்திய துரைக்கு ஆற்றின் மேல் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம், காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரம் மண்ணோடு ஓடிவிடுமே என்ற கவலை. எதுவாக இருந்தாலும், விழுந்த இடத்திலேயே தண்ணீரைப் பிடித்து நிறுத்து என்று இன்று பொறியாளர்கள் படம் போட்டுச் சொல்வதை நம் பெரியவர்கள் சங்கோலை, அதாவது மண்வெட்டியை வைத்துக்கொண்டு அன்றாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

அதற்காகத் தோட்டக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. 70-களில் செம்பனை ஆலைகள் ஆற்றை என்ன பாடு படுத்தின என்று வயதானவர்களைக் கேட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். சுத்திகரிக்காத ஆலைக் கழிவில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அந்த அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து உறிஞ்சுகிற ஆக்சிஜன், லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். மீனுக்கு மூச்சுவிட என்ன மிஞ்சும்? 1977-இல் விதிமுறை வந்தது. 1978-இல் 5,000 வரை விடலாம் என்று ஆரம்பித்து, படிப்படியாக இறக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தார்கள். விடுகிற அழுக்குக்கு ஏற்ற மாதிரி லைசென்ஸ் கட்டணமும் வைத்தார்கள். ஆலைகள் கழிவைச் சுத்திகரிக்க மளமளவென்று குளம் வெட்டின. செய்ய முடியாத காரியமில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் ஆலைக்கு ஒரு குழாய், ஒரு வாசல், ஒரு முதலாளி. பிடித்துவிடலாம். ஊர் அழுக்கு அப்படி இல்லை, நூறு பக்கத்திலிருந்து வருகிறது. பத்து நாள் வெயிலடித்து அப்புறம் மழை பெய்தால் முதல் அரை மணி நேரம் கால்வாயைப் பாருங்கள், கறுப்பாக ஓடும். ரோட்டில் சொட்டிய எண்ணெய், டயர் தூள், நாய் மலம், பசார் மாலாம் (இரவுச் சந்தை) முடிந்து கழுவிவிட்ட மீன் தண்ணீர், எல்லாம் அந்த முதல் ஓட்டத்தில்தான் போகிறது. பழைய வீடுகளில் கழிவறைக்குத்தான் தொட்டி உண்டு, சமையலறைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் நேராக லோங்காங்குக்குத்தான், அதாவது தெருவோரச் சாக்கடைக்கு. இதற்கெல்லாம் சிமெண்டுக் கால்வாய் என்ன செய்யும்? புல்லும் மண்ணும் இருந்தால் கொஞ்சமாவது வடிகட்டும். சிமெண்டில் அப்படியே வழுக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடும், முன்னைவிட வேகமாக. குப்பைப் பொறி வைத்தால் போதும் என்கிறார் ஒரு நண்பர். வைக்கட்டும், போத்தலும் பையும் மாட்டும், எண்ணெய் மாட்டாது.

எண்ணெய் விஷயத்தை நான் கடைக்காரர்கள் பக்கம் நின்றும் பார்க்கிறேன். பொரித்த எண்ணெயை இப்போது யாரும் கொட்டுவதில்லை, காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போக ஆள் வருகிறது. மோட்டார் பட்டறையின் கறுப்பு எண்ணெயும் அப்படித்தான், அது 2005 விதிமுறைப்படி பட்டியலிட்ட கழிவு, கால்வாயில் ஊற்றினால் குற்றம். சிக்கல் இருப்பது சிங்கிற்குக் கீழே வைக்கிற கொழுப்புப் பொறியில். அந்த எவர்சில்வர் பெட்டியின் மூடியைத் திறந்தால் மேலே வெள்ளையாக, கையளவு தடிமனுக்குக் கொழுப்பு உறைந்திருக்கும், நாற்றம் குடலைப் புரட்டும். அதை எவனும் காசு கொடுத்து வாங்க மாட்டான். அதனால் கடை மூடிய பிறகு ஒரு அந்நியத் தொழிலாளியைக் கூப்பிட்டு பின்சந்துக் கால்வாயில் கவிழ்க்கச் சொல்கிறார்கள். லைசென்சுக்காகப் பெட்டி வாங்கியாயிற்று, ஆற்றுக்குப் போக வேண்டிய கொழுப்பு ஒரு வாரம் தாமதமாகப் போகிறது, வேறென்ன வித்தியாசம்? மன்றமே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு லாரி அனுப்பி எல்லாக் கடையிலும் அந்தக் கொழுப்பை எடுத்துக்கொண்டு, கடைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கட்டும். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது அந்த ரசீதைக் கேட்கட்டும். கட்டுவார்கள். மாலையில் கடை வாசலில் நாறுகிற கால்வாய் அவர்கள் வியாபாரத்தையும்தானே கெடுக்கிறது.

ஆறு எங்கோ போகிறது, நமக்கென்ன என்று நினைக்கிறவர்களுக்கு 2020 செப்டம்பரை ஞாபகப்படுத்துகிறேன். மேலே ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்றை நம்பியிருக்கும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. கோவிட் காலத்தில், கையைக் கழுவு கையைக் கழுவு என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். அதற்கப்புறம் 2024-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைத் திருத்தி அதிகபட்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தினார்கள். சரி, வரவேற்கிறோம். ஆனால் அது தொழிற்சாலையைப் பிடிக்கிற வலை, பின்சந்தில் கவிழ்க்கிற பெட்டிக்கு உள்ளூர் மன்றம்தான் வர வேண்டும்.

கால்வாய் வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய சாலைக்குக் கீழே போகிற குழாய் உண்மையிலேயே சின்னது, அதை அகலப்படுத்தத்தான் வேண்டும், அங்கேதான் தண்ணீர் எதிர்த்துத் திரும்பி லயத்து வீடுகளுக்குள் நுழைகிறது. மற்ற இடத்தில் சிமெண்டைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். கோலாலம்பூரில் வெள்ளத்தைத் தேக்க 9.7 கிலோமீட்டருக்குச் சுரங்கம் தோண்டி 2007-இல் திறந்தார்கள், ஏனென்றால் தரைக்கு மேலே தண்ணீரை நிறுத்த இடம் விட்டுவைக்கவில்லை. எங்களுக்கு இடம் இருக்கிறது, ஏற்கெனவே வெட்டியும் இருக்கிறது.

ஆகவே மன்றத்துக்கு எங்கள் கோரிக்கை: குளத்தை மூடுவதற்கு முன், தாமானுக்கு அனுமதி கொடுத்தபோது போட்ட வரைபடத்தை மக்கள் முன் வையுங்கள். அந்த நிலம் வடிகாலுக்கு ஒதுக்கியதா இல்லையா என்று எல்லாரும் பார்க்கட்டும். அதை மூடிய பிறகு அவ்வளவு தண்ணீரும் எங்கே நிற்கும் என்று உங்கள் பொறியாளர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டட்டும். ஒட்டுக்கடைகளுக்குப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் காலி இடம் கிடக்கிறது, அதைப் பாருங்கள். அக்டோபர் மழைக்கு முன் அந்தக் கம்பி வலையில் இருக்கும் குப்பையை எடுங்கள், ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், வேலிப் பூட்டின் சாவியைக் கொடுத்தால் நாங்களே இறங்குகிறோம்.

இப்படிக்கு,
தாமான்வாசி ஒருவர்,
சிலாங்கூர்