தேனை அறிந்தவனா, தின்பவனா?

ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் வந்த துணுக்கில், ரஷ்ய மொழியில் கரடியைக் குறிக்கும் 'மெத்வேத்' என்ற சொல்லுக்குத் 'தேனை அறிந்தவன்' என்று பொருள் சொல்லி, போதாக்குறைக்கு அதை நம் 'வேதம்' வரை இழுத்து முடிச்சுப் போட்டிருந்தீர்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. கரடி தேனைத் தின்கிறது, அவ்வளவுதான்.

ரஷ்யன், உக்ரைனியன் போன்ற மொழிகளுக்கெல்லாம் மூதாதையான தொல் ஸ்லாவிய மொழிக்கு எழுத்துச் சான்று இல்லை. பின்னால் வந்த மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவங்கள்தான் இருக்கின்றன, முன்னால் நட்சத்திரக் குறி போடுவதும் அதனால்தான். அப்படி மீட்ட வடிவம் *மெத்வேதி. இதை மெத் + வேதி என்று பிரிப்பதில்தான் சறுக்கல். சரியான பிரிப்பு மெது + ஏதி. மெது என்றால் தேன், சமஸ்கிருத 'மது'வுக்கு உறவு; ஏத் என்றால் தின்பது. மனு + அந்தரம் மன்வந்தரம் ஆகிறதே, அதே மாதிரி இங்கேயும் உகரம் வகரமாகிவிட்டது. ரிக்வேதத்தில் பறவைகளைச் சொல்லும் 'மத்வத்' கூட இதே கட்டுமானம்தான், தேன் உண்பது. அப்புறம் தேனுக்கான சொல் கடைசி உயிரை இழந்து வெறும் 'மெத்' ஆனதும், நடுவில் நின்ற வகரம் யாருடையது என்றே மறந்துபோய், 'அறி' என்ற பொருளுள்ள வினையோடு மக்கள் அதை ஒட்டிவிட்டார்கள். உக்ரைனியர்கள் ஒரு படி மேலே போய் 'வெத்மீத்' என்று திருப்பியே போட்டுவிட்டார்கள்!

இந்தத் தொல் ஸ்லாவியச் சொல்லின் வேற்றுமைத் திரிபும் சுவையானது. இது இகர ஈற்று ஆண்பால் பெயர். எழுவாய் மெத்வேதி, ஆறாம் வேற்றுமை மெத்வேதீ. இன்றைய ரஷ்யனில் அது 'மெத்வேத்யா', ஏனென்றால் இந்த வகை ஆண்பால் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே வேறு வகைக்குக் கட்சி மாறிவிட்டன. வழியைக் குறிக்கும் 'புத்' மட்டும் பிடிவாதமாகப் பழைய 'புத்தீ'யை வைத்துக்கொண்டிருக்கிறது.

ஸ்லாவியம், சமஸ்கிருதம், கிரேக்கம் எல்லாவற்றுக்கும் மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் கரடிக்கு வேறொரு பழைய பெயர் இருந்தது. சமஸ்கிருத 'ருக்ஷ', கிரேக்க 'ஆர்க்தோஸ்' எல்லாம் அதன் வாரிசுகள். பெயரைச் சொன்னால் விலங்கே வந்து நிற்கும் என்ற பயத்தில்தான் ஸ்லாவியர் அதை விட்டுவிட்டு இப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னார்கள் என்பது மொழியியலாளர்கள் பொதுவாகத் தரும் விளக்கம். அடுத்த ஞாயிறு திருத்தம் போடும்போது இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்