மத்ராவில் வண்டியை நிறுத்திய பெரியவருக்கு

போன ஜூனில் மஸ்கட் போயிருந்தோம். மதுரைக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும் என்ற மிதப்பு. மத்ரா கடலோரச் சாலையில் மதியம் ஒன்றரை மணிக்கு நடந்தோம். கோடையில் அங்கே 12.30 முதல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கவே தடை என்பது அப்புறம்தான் தெரிந்தது. கடைத்தெருவும் அடைத்துக் கிடந்தது. நம்மூர் வெயிலில் வியர்வை காய்ந்துவிடும். அங்கே கடலின் ஈரக்காற்றில் சட்டை பிழியப் பிழிய நனைந்ததே தவிர உடம்பு குளிரவில்லை. தலை சுற்றுகிறது என்று அம்மா நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் கைகூடக் காட்டவில்லை. ஆரஞ்சு வெள்ளை டாக்ஸியை ஓரங்கட்டிவிட்டு நீங்களாகவே இறங்கி வந்தீர்கள். அம்மாவை ஏசியில் சாய்த்து உட்கார வைத்தீர்கள். உங்கள் தலைப்பாகைத் துணியை அவிழ்த்து, தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் சுற்றினீர்கள். நான் பாட்டிலை அப்படியே அம்மா வாயில் கவிழ்க்கப் போனேன். என் கையைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக என்று சைகை காட்டினீர்கள். எங்கிருந்தோ லபன் மோர் வாங்கி உப்புப் போட்டுக் கொடுத்தீர்கள். அரை மணி நேரம் சவாரியே எடுக்கவில்லை. விடுதி வாசலில் நான் நீட்டிய ரியாலைப் பார்த்து முகம் சுளித்தீர்கள், அதுதான் கொஞ்சம் சங்கடம்.

ஐயா, பெயர்கூடக் கேட்காமல் விட்டோம். மஸ்கட் தமிழர்கள் யாராவது அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். உங்கள் துணி எங்களிடமே தங்கிவிட்டது, துவைத்து மடித்து வைத்திருக்கிறார்.