காவிரியோடு வரப்போகும் பாப்பாவுக்கு

பாபநாசம்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பொங்கல் கழிந்ததும் தலைக்காவிரியில் கிளம்பி, ஆற்றோடேயே பூம்புகார் வரைக்கும் பைக்கில் வரப்போவதாக நீ சொன்னதிலிருந்து அப்பா தினமும் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். வண்டி ஓட்டுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நீ நிதானமானவள். ஹெல்மெட்டைப் பற்றித்தான் பேச வேண்டும். போனில் ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

தாடைப் பகுதியை மேலே தூக்கித் திறக்கிற மாடுலர் ஹெல்மெட் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கு. உனக்கு அதுதான் சரி. நீ கண்ணாடி போட்டவள். முழு முக ஹெல்மெட் என்றால் டீக்கடையில் நிறுத்தும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றி, ஹெல்மெட்டைக் கழற்றி, திரும்ப எல்லாவற்றையும் மாட்டவேண்டும். மாடுலரில் சின் பாரை, அதாவது அந்தத் தாடைப் பகுதியை, தூக்கினால் தண்ணீர் குடிக்கலாம், வழி கேட்கலாம், பெட்ரோல் பங்கில் முகத்தைக் காட்டிப் பேசலாம். நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் வண்டி உருள ஆரம்பித்துவிட்டால் சின் பார் மூடியிருக்க வேண்டும். ‘டக்’கென்று பூட்டு விழுந்திருக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தலையில் அடிபட்டவர்களை ஊரே பார்த்திருக்கும். தாடை உடைந்தவர்கள் படுகிற பாட்டை வார்டில் என்னைப் போல நர்ஸாக வேலை பார்த்தவர்கள்தான் கிட்டத்தில் பார்த்திருப்போம். தொப்பி மாதிரி அரை ஹெல்மெட் போட்டிருப்பார்கள், மண்டை தப்பித்திருக்கும், கன்னமும் கீழ்த்தாடையும் ரோட்டில் தேய்ந்துபோயிருக்கும். மேல் பல் வரிசையையும் கீழ்ப் பல் வரிசையையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள். எலும்பு கூடும்வரை வாயைத் திறக்க முடியாது. கஞ்சித் தண்ணி, பால், ஜூஸ் எல்லாம் ஸ்ட்ராவில்தான். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் கம்பி வெட்டுகிற கட்டர் ஒன்று இருக்கும். வாந்தி வந்தால் அந்த நிமிஷமே கம்பியை வெட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு அடைத்துவிடும். டியூட்டி மாறும்போது கட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொறுப்பை ஒப்படைப்போம். இருபத்திரண்டு வயதுப் பையன்களை அப்படிப் படுக்கவைத்துப் பார்த்திருக்கிறேன். நீ சின் பாரைத் தூக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டே வண்டி ஓட்டினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது அந்த நேரத்துக்கு அரை ஹெல்மெட்தான். போதாக்குறைக்கு மேலே நிற்கிற சின் பாரில் காற்று மோதித் தலையைப் பின்னுக்கு இழுக்கும், கழுத்து வலி எடுக்கும்.

நர்ஸ் என்கிற முறையில் இந்த ஹெல்மெட்டை எனக்குப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரோட்டில் யாராவது விழுந்துவிட்டால் நம் ஆட்கள் முதலில் செய்வது ஹெல்மெட்டைப் பிடித்து இழுப்பது. கழுத்து எலும்பில் அடி இருந்தால் அந்த ஒரு இழுப்பு போதும், கை கால் விளங்காமல் போய்விடும். முறையாகக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தாடையையும் பின்கழுத்தையும் அசையாமல் பிடிக்க, இன்னொருவர் மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். மாடுலரில் அந்த அவசரம் குறைவு. சின் பாரைத் தூக்கினாலே வாயும் மூக்கும் கைக்கு எட்டும், மூச்சு வருகிறதா என்று பார்க்கலாம். உன்னோடு வருகிற சிநேகிதிகளுக்கும் இதைச் சொல்லி வை. சின் பாரைத் திறக்கிற பட்டன் எங்கே இருக்கிறது என்று ஒருவர் ஹெல்மெட்டை மற்றவர் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நர்ஸிங் படிக்கும்போது எங்களுக்கு ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்வார்கள். அரேபியாவின் லாரன்ஸ் என்று பெயரெடுத்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ் 1935ல் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள்மேல் மோதாமலிருக்க வண்டியைச் சட்டென்று திருப்பினார், தூக்கி எறியப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்துபோனார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்கிற மூளை அறுவை நிபுணர், நான் சொல்லவந்த டாக்டர் இவர்தான். அந்தச் சாவு அவரை விடவில்லை. பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகிறவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941ல் கட்டுரை எழுதினார். அதற்கப்புறம்தான் பிரிட்டிஷ் ராணுவத்தில் அவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது.

சரி, கடைக்குப் போனால் எப்படிப் பார்த்து எடுப்பது என்று சொல்கிறேன்.

போவதற்கு முன்னால் தலையை அளந்துகொள். தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை துருத்திக்கொண்டிருக்கிற இடத்தில் சுற்று. பொதுவாக 55–56 செ.மீ. எஸ், 57–58 எம். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உள்ளே மண்டையின் வடிவமும் மாறும். நமக்கு நீளவாட்டு மண்டை, உன் பாட்டியிடமிருந்து வந்தது. உருண்டை மண்டைக்குச் செய்த ஹெல்மெட் என்றால் நெற்றியில் ஒரே இடத்தில் அழுத்தும், அரை மணியில் தலைவலி வந்துவிடும். ஆகவே போட்டவுடன் கழற்றாதே. உன் கண்ணாடியோடு போட்டு, சின் பாரை மூடி, இருபது நிமிஷம் கடையிலேயே உட்கார்ந்திரு. கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். கழற்றிய பிறகு நெற்றியில் சிவப்பாக ஒரு தடம் மட்டும் தெரிந்தால் அது உனக்கானது இல்லை. கன்னம் இரண்டும் நன்றாக இறுகியிருக்க வேண்டும், மெல்லும்போது கன்னத்துச் சதை பல்லில் மாட்டுகிற அளவுக்கு. புதிதில் அப்படித்தான் இருக்க வேண்டும், போகப்போக உள்பஞ்சு தளர்ந்து கொடுக்கும். ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு, பின்பக்கக் கீழ்விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிக் கழற்றச் சொல், யாரிடமாவது. கழன்றுவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடு. தலையைவிட்டுப் போகிற ஹெல்மெட் இருந்தும் இல்லாததுதான்.

அப்புறம் பூட்டு. சின் பார் போய் உட்காருகிற இடத்தில் உள்ளே பார். கொக்கியும் அது மாட்டுகிற முளையும் இரும்பாக இருக்கிறதா, பிளாஸ்டிக்கா? இரும்பையே எடு. மூடும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். ஒரு பக்கம் விழுந்து இன்னொரு பக்கம் அமுக்கினால்தான் விழுகிறது என்றால் வேண்டாம். கையுறை போட்ட கையால் திறந்து பார், ஒரு கையால் முடிய வேண்டும். மூடியபின் சின் பாரைப் பிடித்து ஆட்டு, கடகடவென்று ஆடக்கூடாது.

முத்திரையும் முக்கியம். ஹெல்மெட்டுக்கான ஐ.எஸ். 4151 என்கிற தர எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2021 ஜூன் 1 முதல் அது இல்லாத ஹெல்மெட்டை நம் நாட்டில் விற்கவே கூடாது. ஆனாலும் ரோட்டோரத்தில் வெறும் ஸ்டிக்கரை ஒட்டி விற்கிறார்கள். முத்திரைக்குக் கீழே லைசென்ஸ் எண் இருக்கும், அதை ஐ.எஸ்.ஐ. முத்திரை தருகிற பி.ஐ.எஸ். நிறுவனத்தின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனி என்று வந்துவிடும். கூடவே ஈ.சி.இ. என்கிற ஐரோப்பிய முத்திரையும் இருந்தால் நல்லது. அதில் 22.06 என்பது புதியது, தலையைத் திருகிவிடுகிற சாய்வான அடியையும் சோதிக்கிறது. ஸ்ட்ராப்பில் தைத்திருக்கிற அந்த முத்திரை லேபிளில் பி (P) என்ற எழுத்து இருந்தால் மூடிய சின் பார் தாடையைக் காக்கும் என்று பார்த்திருக்கிறார்கள். ஜே (J) என்பது திறந்த முக ஹெல்மெட்டுக்கு. பி, ஜே இரண்டும் போட்டிருந்தால் இரண்டு நிலையிலும் சோதித்தது. என்.பி. (NP) என்று இருந்தால் தொடாதே, தாடைக்கு அது பாதுகாப்பில்லை. பி, ஜே இரண்டும் இருக்கிறதே, திறந்துகொண்டே ஓட்டலாமே என்று நீ கேட்பாய். சட்டப்படி சரியாக இருக்கலாம். கட்டர் வைத்த கட்டிலைப் பார்த்தவள் சொல்கிறேன், வேண்டாம்.

ஸ்டட்ஸ், வேகா, எஸ்.எம்.கே., எல்.எஸ்.2 என்று பல கம்பெனிகளிலும் இந்த மாதிரி வருகிறது. உன் தலைக்கும் கண்ணாடிக்கும் எது உட்காருகிறதோ அதுதான் நல்ல கம்பெனி.

ஆபீஸ் நண்பர் வெளிநாடு போகிறார், அவருடைய விலை உயர்ந்த ஹெல்மெட்டைப் பாதி விலைக்குத் தருகிறார் என்றாயே, அதை வாங்காதே. அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஹெல்மெட்டின் வெளி ஓட்டுக்கும் உள்துணிக்கும் நடுவே தெர்மோகோல் போல ஒரு கெட்டி நுரை இருக்கிறது. அடியை வாங்குவது அதுதான், நசுங்கித்தான் வாங்கும், ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது. மேலே கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனதையும் எடுக்க வேண்டாம். புதிதை வாங்கிய பிறகு நீயும் அதை சைடு மிர்ரரில் மாட்டித் தொங்கவிடாதே, அந்த முனை நுரையைக் குழியாக்கிவிடும்.

மாடுலரில் இரண்டு குறை உண்டு. பூட்டும் கீலும் இருப்பதால் எடை அதிகம், ஒன்றரைக் கிலோவுக்கு மேல்தான் வரும். நாள் முழுக்க ஓட்டினால் கழுத்து சொல்லிவிடும். அதனால் ஒன்றரை மணிக்கு ஒருதரம் இறங்கு. இன்னொன்று சத்தம். மூட்டுகள் வழியே காற்று ஊளையிடும். ஹைவேயில் ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் நூறு டெசிபலை ஒட்டிப் போகும், மணிக்கணக்கில் கேட்டால் காது கெட்டுப்போகும். மருந்துக்கடையில் கிடைக்கிற நுரைக் காதடைப்பான் போட்டுக்கொள். ஹார்ன் சத்தம் அப்போதும் கேட்கும்.

உன் வழிக்கு என்று சில உண்டு. குடகில் தை மாதக் காலையில் மூச்சுப்பட்டே வைசரில், அதாவது முகத்துக்கு முன்னால் இருக்கிற தகட்டில், ஆவி படிந்துவிடும், உன் மூக்குக்கண்ணாடியும் சேர்ந்து மங்கும். ஆவி படியாமல் இருக்க வைசருக்கு உள்ளே பொருத்துகிற பின்லாக் என்கிற தகடு போடும் வசதி இருக்கிறதா என்று கேள். காவிரியோடு கிழக்கே வருகிறவளுக்குக் காலை முழுக்க வெயில் நேர் முகத்தில் அடிக்கும். உள்ளே இறக்குகிற கறுப்புக் கண்ணாடி அதற்குத்தான். வெளி வைசரைக் கறுப்பாக வாங்காதே, பொழுது சாய்ந்ததும் ஒன்றும் தெரியாது.

கல்லணை தாண்டியதும் நம் ஊர்க் கதை வேறு. அந்தச் சமயம் சம்பா அறுப்பு. ரோட்டில் பாதியை நெல்லும் வைக்கோலும் பிடித்துக்கொள்ளும், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், இருட்டினால் மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள், கிட்டே போகும்வரை தெரியாது. வைக்கோல் டிராக்டருக்குப் பின்விளக்கும் இருக்காது. அறுப்பு மெஷின் ஓடுகிற வயலோரம் வந்தால் சுணை பறந்து கண்ணிலும் கழுத்திலும் ஒட்டும், தேய்க்கத் தேய்க்க அரிக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் பூச்சி வேறு முகத்தில் அடிக்கும். அங்கெல்லாம் சின் பாரும் வைசரும் மூடியே இருக்கட்டும். கல்லணை–பூம்புகார் சாலையில் திருவையாறு தாண்டி, கபிஸ்தலத்தில் தெற்கே திரும்பி, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடு. மறுநாள் காலையில் பூம்புகார் போகலாம்.

தலைமுடியைத் தாழப் பின்னிக்கொள், கொண்டை வேண்டாம். கிளிப்பும் ஜிமிக்கியும் பையில் இருக்கட்டும். எண்ணெய் வைத்த தலையோடு போடாதே, உள்துணி நாறிப்போகும். மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு போடு. உள்துணி கழற்றித் துவைக்கிற மாதிரி உள்ளதாகவே எடு.

பணத்துக்கு யோசிக்காதே, அப்பா நாளைக்கு உன் கணக்கில் போட்டுவிடுவார். அவருக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு வா. நேற்று தூங்கிக்கொண்டிருந்தபோதே அளந்துவிட்டேன், 58 செ.மீ. உருண்டை மண்டை, அதையும் கடையில் சொல். அவருக்குத் தூக்கித் திறக்கிறதெல்லாம் வேண்டாம், திறந்தே ஓட்டுவார். முழு முகமாக, வெள்ளை நிறத்தில் எடு. கல்லணையிலிருந்து உன் பின்னாலேயே வருவதாக இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ வாங்கிக் கொடுத்தது என்றால் போட்டுக்கொள்வார்.

அன்புடன்,
அம்மா