சரசுவுக்கு, சாமை பற்றி

சேந்தமங்கலம்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று படித்ததிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது. சாமை கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கொடு. ஆனால் நீ வாங்கிய சாமை வெள்ளை வெளேரென்று இருப்பதாக எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அது தீட்டியது. தவிட்டோடு நார்ச்சத்தும் போயிருக்கும். தீட்டாத சாமையரிசி கொஞ்சம் பழுப்பாக, மங்கலாக இருக்கும். அதில் 100 கிராமுக்கு 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும், 10 கிராம் அளவுக்குப் புரதமும் உண்டு. மாவுச்சத்தும் 65 கிராம் இருக்கிறது, மறந்துவிடாதே. சாமைதானே என்று இரண்டாம் தட்டு போட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மாத்திரையை நிறுத்தவே கூடாது.

ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். அரை மணி நேரம் ஊறவைத்தால் உதிரியாக வேகும். தயிர்சாதத்துக்குச் சாமையை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பேன். இட்லிக்கு நான்கு பங்கு சாமை, ஒரு பங்கு உளுந்து போடுகிறேன்.

போன மாதம் கொல்லிமலை போயிருந்தேன். சரிவெல்லாம் மரவள்ளிதான் நிற்கிறது. அதற்குக் கையில் காசு வருகிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. செம்மேட்டில் ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். சாமை மூன்று மாதத்தில் விளைந்துவிடும், மழை போதும், விளைவிப்பது கஷ்டமே இல்லை என்றார். உரலில் குத்தி உமி நீக்குவதுதான் பாடாம். "சோறு தின்ன ஆள் உண்டு, குத்த ஆள் இல்லை" என்றார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்ததற்குக் காரணம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என்று மலையில் எத்தனை ரகம் தெரியுமா! நமக்கு எல்லாம் ஒரே சாமை.

அப்புறம், தம்பி மகன் வெள்ளிக்கிழமை சென்னை வருகிறான். அவனிடம் தீட்டாத சாமை இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன். தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடு. தீர்ந்ததும் எழுது, மறுபடி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மீனா