பாப்பாவுக்கு, அந்த மூக்கு ஸ்ப்ரே பற்றி

அன்புள்ள பாப்பா,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்தாயிற்று, சொட்டு மருந்து மட்டும் நடக்கிறது. உனக்குப் பதவி உயர்வு வந்ததை அத்தை சொல்லித்தான் கேட்டேன். அன்று முழுக்க எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும்.

மூன்று ஞாயிறாக வீடியோவை அணைத்துவிட்டுப் பேசுகிறாய். நெட் சரியில்லை என்றாய், சரி. நான் எழுத வந்தது வேறு. உன் வீட்டில் நலாக்சோன் ஸ்ப்ரே ஒரு பெட்டி இருக்க வேண்டும். ஓபியாய்டு மருந்து அளவுமீறி மூச்சு அடங்குகிறவரைக் காப்பாற்ற மூக்கில் அடிப்பது அது. மூன்று பேர் சேர்ந்து இருக்கிறீர்கள், வாரக் கடைசியில் வந்து தங்குகிறவர்களும் உண்டு. யார் பையில் என்ன மாத்திரை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உன் தோழிகளுக்காகச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்.

ஓபியாய்டு என்றால் ஹெராயின் என்று மட்டும் நினைக்காதே. ஆபரேஷன் முடிந்து வலிக்குக் கொடுக்கிற ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன், டிராமடால் எல்லாம் அதே குடும்பம்தான். மூச்சை நடத்துகிற மூளைப் பகுதியை இவை மழுங்கடிக்கும். ஆள் தூங்குகிற மாதிரியே இருப்பார், மூச்சு மட்டும் குறைந்துகொண்டே போகும். நலாக்சோன் உள்ளே போனால் ஓபியாய்டை அதன் இடத்திலிருந்து தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். மூச்சு திரும்பும். தெருவில் கைமாறுகிற மாத்திரையில் ஆபத்து இன்னும் அதிகம். அச்சு அசல் ஆக்சிகோடோன் போலவே நீல நிறத்தில், மேலே எம், 30 என்று பொறித்துப் போலி வருகிறது. உள்ளே இருப்பது ஃபென்டனில். மார்ஃபினைவிடச் சுமார் 100 மடங்கு வீரியம். கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க என்னாலேயே முடியாது.

அங்கே அமெரிக்காவில் இதற்கு டாக்டர் சீட்டு வேண்டாம். நார்கேன் என்ற பெயரில் வரும் 4 மில்லிகிராம் நலாக்சோன் ஸ்ப்ரேயைச் சீட்டில்லாமல் விற்க 2023 மார்ச்சில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. அனுமதித்தது, செப்டம்பரில் கடைக்கு வந்துவிட்டது. ஒரு பெட்டியில் இரண்டு ஸ்ப்ரே. வந்தபோது விலை சுமார் 45 டாலர். அலமாரியில் காணவில்லை என்று திரும்பி வந்துவிடாதே. சில கடைகளில் பூட்டிய கண்ணாடிக்குள்ளோ கவுன்டருக்குப் பின்னாலோதான் வைத்திருப்பார்கள். நேரே போய் "நலாக்சோன் வேண்டும்" என்று கேள். யாருக்கு, எதற்கு என்று நீ கதை சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷம் மருந்துக் கவுன்டருக்குப் பின்னால் நின்றவன் சொல்கிறேன், இப்படிக் கேட்டு வாங்குகிறவர்களைப் பற்றி யாரும் தப்பாக நினைப்பதில்லை.

கைக்காசு போடுவதற்கு முன் இன்சூரன்ஸைப் பார். அலமாரியிலிருந்து எடுத்து வந்து பில் போட்டால் பெரும்பாலும் முழுத் தொகையும் உன்னுடையது. அதே மருந்தை ஃபார்மசிஸ்ட் சீட்டுக் கணக்கில் போட்டுத் தந்தால் பல இன்சூரன்ஸ்களில் மிகக் குறைவாகவே ஆகும். உன் டாக்டரிடம் போகாமலே இப்படிப் போட்டுத்தரப் பல மாநிலங்களில் பொது உத்தரவு இருக்கிறது, கேட்டால்தான் செய்வார்கள். இலவசமாகவும் கிடைக்கும். மாநில, கவுன்ட்டி சுகாதாரத் துறைகள் கொடுக்கின்றன, சில மாநிலங்களில் தபாலிலேயே அனுப்புகிறார்கள். பல்கலைக்கழக மருத்துவ மையங்களிலும், ஊசி மாற்றித் தரும் சேவை மையங்களிலும், சில நூலகங்களிலும் வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் பெயர்கூடக் கேட்பதில்லை.

ஓபியாய்டு எழுதிக் கொடுக்கிற டாக்டர் நலாக்சோன் பற்றியும் நோயாளியிடம் பேச வேண்டும் என்று 2020 ஜூலையிலேயே எஃப்.டி.ஏ. சொல்லிவிட்டது. உன் காலில் தகடு வைத்தபோது உன்னிடம் யாரும் பேசினார்களா? நான் பேசவில்லை, அது தெரியும்.

8 மில்லிகிராம் ஸ்ப்ரே ஒன்றும் உண்டு, அதற்குச் சீட்டு வேண்டும். அளவு கூடினால் நல்லதுதானே என்று தேடிப் போகாதே. நியூயார்க் மாநிலப் போலீஸார் இரண்டையும் பயன்படுத்திய விவரம் 2024-இல் வெளிவந்தது. 8 மில்லிகிராம் கொடுத்ததால் பிழைத்தவர்கள் கூடவில்லை. வாந்தியும், ஓபியாய்டு திடீரென்று விலகுவதால் வரும் மற்றத் தொந்தரவுகளும்தான் கூடின. 4 போதும். காசு மிச்சமானால் இரண்டாவது பெட்டி வாங்கு.

காரில் வைக்காதே. அறை வெப்பத்தில் இருக்க வேண்டிய மருந்து, 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. வெயிலில் நிற்கிற கார் அதைச் சுலபமாகத் தாண்டும். குளிரில் மைனஸ் 15-க்குக் கீழே போனால் மருந்து உறைந்துவிடும், அழுத்தினால் வராது. உருகவிட்டுப் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு உயிர் தரையில் கிடக்கும்போது உருகும்வரை யார் காத்திருப்பது? அலமாரியில் பூட்டியும் வைக்காதே. எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். காலாவதித் தேதியை போன் காலண்டரில் குறித்து வை. தேதி தாண்டினால் புதிது வாங்கு, புதிது கைக்கு வரும்வரை பழையதை எறியாதே. வேறு எதுவும் கையில் இல்லாத நேரத்தில் அதுவே மேல்.

இனி முக்கியமானது. ஒருத்தி எழவில்லை என்றால் தோளைக் குலுக்கிப் பெயரைச் சொல்லிக் கத்து. அசைவில்லையென்றால் கையை முஷ்டியாக மடக்கி, முட்டிகளால் நெஞ்செலும்பின் நடுவில் அழுத்தித் தேய். அதற்கும் எழாமல், மூச்சு மெதுவாகவோ நின்று நின்றோ வந்தால், தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போன்ற சத்தமோ வித்தியாசமான குறட்டையோ கேட்டால், உதடும் நகமும் நீலமாகவோ சாம்பலாகவோ மாறினால், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால், யோசிக்காதே. "நல்லா தூங்கறா, விடு" என்று மற்றவர்கள் சொல்வார்கள். கேட்காதே. குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது, ஐஸ் வைப்பது எல்லாம் நேரம் போக்கும் வேலை. அவசர உதவிக்கு 911-ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஸ்ப்ரேயை எடு.

பின்புறத் தாளை உரித்தால் ஸ்ப்ரே கையில் வரும். சளிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி காற்றில் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடாதே. ஒரு ஸ்ப்ரேயில் ஒரே டோஸ்தான், சோதித்தால் மருந்து முழுவதும் காற்றோடு போய்விடும். ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொள். உன் கட்டைவிரல் அடியிலுள்ள பிளஞ்சரில், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முனையின் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அந்த இரண்டு விரலும் மூக்கின் அடியில் முட்டும்வரை முனையை ஒரு துவாரத்துக்குள் விடு. பிறகு பிளஞ்சரை ஒரே அழுத்தாக, கடைசிவரை அழுத்து. பாதியில் நிறுத்தாதே. மருந்து மூக்கின் உள்தோல் வழியாக ரத்தத்தில் ஏறும். அதனால் மூச்சே இல்லாதவருக்கும் வேலை செய்யும்.

அடித்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்காதே. மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு 5 வினாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊது. நாடியும் தெரியவில்லையென்றால் 911-இல் சொல்கிறபடி நெஞ்சை அழுத்து. 2, 3 நிமிஷத்தில் மாற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஸ்ப்ரேயை மற்றத் துவாரத்தில் அடி. மூச்சு சீரானால் போதும், எழுந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்றில்லை. பக்கவாட்டில் திருப்பி, மேல் காலை மடித்துப் படுக்கவை, வாந்தி எடுத்தால் நெஞ்சுக்குள் போகாமல் இருக்கும்.

விழித்ததும் நடுக்கம், வியர்வை, கோபம் எல்லாம் வரும். "எனக்கு ஒன்றுமில்லை, ஆம்புலன்ஸ் வேண்டாம்" என்பாள். ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிடாதே. நலாக்சோன் நிற்பது 30 முதல் 90 நிமிஷம். பல ஓபியாய்டுகள் அதைவிட அதிக நேரம் உடம்பில் இருக்கும். நலாக்சோனின் வேகம் தீர்ந்ததும் மூச்சு மறுபடி அடங்கலாம். உடம்பு படுத்துகிறதே என்று அந்த இடைவெளியில் இன்னொரு மாத்திரை போட்டால் ஆபத்து இரட்டிப்பு. மது, தூக்க மாத்திரை, சைலசின் என்ற விலங்கு மயக்க மருந்து ஆகியவற்றின் விளைவை நலாக்சோன் மாற்றாது. ஆனாலும் அடி. கூட ஓபியாய்டு கலந்திருந்தால் காப்பாற்றும், இல்லையென்றால் கெடுதல் செய்யாது. போலீஸ் வருமே என்று 911-ஐத் தள்ளிப்போடாதே. உதவிக்குக் கூப்பிட்டவரைப் பாதுகாக்கும் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. விவரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உன் மாநிலத்தினுடையதை இப்போதே படித்து வை.

நலாக்சோனுக்கு 1961-இல் காப்புரிமை கேட்ட இருவரில் ஒருவர் ஜேக் ஃபிஷ்மன். 2003-இல் அவருடைய மனைவியின் மகன் ஹெராயின் ஓவர்டோஸில் போய்விட்டான். கண்டுபிடித்தவர் வீட்டிலேயே அப்படி. அதைப் படித்த அன்றிலிருந்து எனக்கு ராத்திரியில் தூக்கம் சரியில்லை.

பாப்பா, உன் ஆபரேஷனுக்கு நான் வந்திருந்தேனே, வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் நீ குளிக்கப் போயிருந்தபோது உன் மாத்திரைக் குப்பியை எண்ணினேன். லேபிளில் 40 மாத்திரை, 6 மணிக்கு ஒன்று, வலி இருந்தால் மட்டும். எப்படிக் கணக்குப் போட்டாலும் 20 மிச்சம் இருக்க வேண்டும். 9 இருந்தது. மறுபடி எண்ணினேன். லேபிள் சுவரைப் பார்த்து இருந்தது, அதே மாதிரி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நீ வந்ததும் விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சின்னத் தாத்தா விஷயத்தில் உன் பாட்டி செய்ததையே நானும் செய்தேன். யார் யாருக்கோ நாளுக்கு எத்தனை, எப்போது நிறுத்த வேண்டும் என்று எடுத்துச் சொன்னவன், அந்தப் பதினொன்றைப் பற்றி உன்னிடம் கேட்கவில்லை. நீ என்ன சொல்வாயோ என்று பயந்தேன். தப்பு என்னுடையது.

கணக்குக் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த ஸ்ப்ரேயை யாரும் தனக்குத் தானே அடித்துக்கொள்ள முடியாது. அடிக்க வேண்டிய நேரத்தில் அவர்களுக்கு நினைவு இருக்காது. அதனால் பெட்டி எங்கே இருக்கிறது, எப்படி அடிப்பது என்று உன்னுடன் இருக்கிற இரண்டு பேருக்கும் காட்டு. எனக்குச் சொல்ல வேண்டாம், அவர்களுக்குச் சொல். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்காதே. சில நாள் நிறுத்தியிருந்துவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, நிறைய பேர் அங்கேதான் போகிறார்கள். விட வேண்டும் என்றாலும் ஒரேயடியாகத் தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டாம். புப்ரினார்ஃபின் என்று மருந்து இருக்கிறது. 2023-லிருந்து அதை எழுத டாக்டருக்குத் தனி அனுமதி தேவையில்லை, நீ வழக்கமாகப் பார்க்கிற டாக்டரே எழுதலாம். பெயரை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினால் போதும், வாய் திறந்து சொல்ல வேண்டியதுகூட இல்லை.

பெட்டி வாங்கியதும் காலாவதித் தேதி தெரிகிற பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கூட எதுவும் எழுத வேண்டாம். அம்மாவுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது.

அன்புடன்,
அப்பா