மாப்ளைக்கு, கசுகாபேலேருந்து

டேய் மாப்ள,

ரொம்ப நாளா பதில் போடல, திட்டாத. வீடு வாங்கலாம்னு இறங்கிட்டோம், அதுலயே மண்டை காயுது. எங்கன்னு கேட்டா சிரிப்ப, டோக்கியோவுக்கு வடக்கால இருக்குற கசுகாபே. ஆமாடா, கார்ட்டூன் ஷின்சான் ஊருதான், உன் பொண்ணுகிட்ட சொல்லு, மாமா மேல மரியாதை கூடிரும். அம்மாவுக்கு முட்டி வலி பரவால்லயா? சாமி கல்யாணத்துக்கு வராததுக்கு அவன்ட்ட நானே பேசிக்கிறேன், நீ நடுவுல எண்ணெய் ஊத்தாத.

இப்ப வீட்டுல சண்டை என்னன்னா ஊர்ல எந்தப் பக்கம் வாங்குறதுன்னு. பிரியாவுக்கு வயக்காட்டுப் பக்கம் புது வீடு, கார் பார்க்கிங்கோட, ரேட்டும் கம்மி. எனக்கு நிக்கோ சாலைன்னு பழைய காலத்து நெடுஞ்சாலை போன தெருவை ஒட்டி. இந்த ஊரு ஒரு சட்டிக்குள்ள இருக்குடா, சுத்தி டோனே, எடோ, அரான்னு பெரிய ஆறுங்க, நடுவுல ஓடுற சின்ன ஆறுங்களுக்கு வாட்டமே கிடையாது. டோனே ஒரு காலத்துல இந்த வழியாத்தான் தெக்கால ஓடி டோக்கியோ விரிகுடால விழுந்துச்சாம், 1600கள்ல ஷோகன்னு அப்ப ஜப்பானை ஆண்ட தளபதியோட ஆளுங்க அதைக் கொஞ்சம் கொஞ்சமா கிழக்கால திருப்பி பசிபிக்ல விட்டுட்டாங்க. பழைய தடம் இன்னும் ஊருக்குள்ள ஓடுது. 1947ல காத்லீன் புயல்ல மேல கரை உடைஞ்சப்ப வெள்ளம் அந்தப் பழைய வழியாவே இறங்கி டோக்கியோ கிழக்கு வரைக்கும் போயிருக்கு!

அந்த ஆறு வண்டலைத் தள்ளித் தள்ளி கரையோரம் மேடாக்கிருச்சு. அந்த ஷோகன் காலத்துல மேட்டுல சத்திரமும் கடைத்தெருவும் போட்டான், அதான் நான் சொன்ன நிக்கோ சாலைத் தெரு, பள்ளத்துல நெல்லு நட்டான். கண்ணுக்கு எல்லாம் சமமாத்தான் தெரியும், ஆனா வயல் பக்கத்துலேருந்து சைக்கிள்ல வந்தா அந்தத் தெருவுக்கிட்ட பெடல் லேசா கனக்குது. 60கள்ல டோக்கியோ பெருத்தப்பதான் பள்ளத்தைத் தூத்து வீடு கட்ட ஆரம்பிச்சாங்க.

அந்த வெள்ளத்துக்கு வைத்தியமா பூமிக்கு அடியில ஒரு டனல் போட்டுருக்காங்க. சின்ன ஆறுங்க பொங்குனா 70 மீட்டர் ஆழக் கிணறுங்கள்ல வாங்கி, 50 மீட்டர் கீழ 6.3 கிலோமீட்டர் ஓட விட்டு, ஒரு தொட்டில சேத்து, பம்ப் போட்டு எடோ ஆத்துல தள்ளுறாங்க, 2006ல முடிச்சது. 116 படி எறங்கிப் போய் அந்தத் தொட்டியைப் பாத்தேன்டா, 177 மீட்டர் நீளம், 18 மீட்டர் உயரம், 59 தூணு, ஒவ்வொண்ணும் 500 டன். மேல தாங்குறதுக்கு மட்டும் இல்லயாம், நிலத்தடி நீர் காலித் தொட்டியையே மேல தூக்கிரும்னு அமுக்கி வைக்கவும்தான் அவ்ளோ வெயிட்டு! தரையில போன வெள்ளத்தோட சேறு காஞ்சு கெடக்கு. தலைக்கு மேல பசங்க ஃபுட்பால் ஆடுறானுங்க.

பிரியா அதைக் காட்டியே அடிக்கிறா, "இவ்ளோ பண்ணிருக்காங்கல்ல, அப்புறம் என்ன பயம்"னு. நியாயம்தான், 2019 புயல்லயும் அது நல்லாவே தாங்குச்சு. ஆனா அது வாங்குறது ஆத்துத் தண்ணிய, தெருவுல பெஞ்சு தேங்குற மழைய இல்லடா. 2023 ஜூன்ல பக்கத்து ஊரு கோஷிகாயால வீட்டுக்குள்ள தண்ணி. 2015ல வேளச்சேரி மொட்டை மாடியில அம்மாவை வச்சுட்டு நீ போன்ல பேசுன குரல் எனக்கு இன்னும் போகல, வெள்ளம் வந்தா எங்க எவ்ளோ ஆழம் நிக்கும்னு காட்டுற ஹசார்ட் மேப்பை ராத்திரி தெறந்தா அதான் ஞாபகம் வருது. 3 மீட்டர் வரைக்கும்னு கலர் அடிச்ச எடத்துல போய் எப்படிடா முப்பத்தஞ்சு வருஷ லோன் போடுறது?

நீ சிவில் படிச்சவன், பிரியாவும் அண்ணன் சொன்னா கேப்பா. இந்த வாரமே அவளுக்கு ஒரு போன் போடு. கார் வாங்குறப்ப பண்ண மாதிரி பாதில அவ கட்சிக்குத் தாவிராத. காரியம் முடிஞ்சா மே மாசம் குடும்பத்தோட வா, எடோ கரையில 800 கிலோ பட்டம் விடுறாங்க, குண்டனையும் கூட்டிட்டு வா, கயிறு இழுக்க ஆள் வேணும்.

உன்,
முரளி